நடுவில் இரண்டு பிளேட்டு

காரைக்குடியில் ஜாஸ் கேட்கிற ஒரே ஆள் தான்தான் என்று மீனாட்சிசுந்தரம் ஆசாரிக்கு ஒரு நினைப்பு இருந்தது. அது பொய்யும் இல்லை. ஊரில் ரேடியோப் பெட்டி வைத்திருந்தவர்கள் ஏராளம். சினிமாப் பாட்டுக்கு நடுவே தலைவலி மாத்திரைக்கு விளம்பரம் வந்தால்கூட எழுந்து போகாமல் உட்கார்ந்து கேட்பார்கள். ஆனால் எவனோ ஓர் அமெரிக்காக்காரன் டிரம்பெட் ஊதிய இசைத்தட்டைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்து, கதவைச் சாத்திக்கொண்டு கேட்கிற ஆசாமி செக்காலை ரோட்டில் அவர் ஒருவர்தான். அந்த ‘ஒருவர்தான்’ என்பதில் இருந்த ருசி, டிரம்பெட்டில் இருந்த ருசிக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை.

தச்சு வேலை செய்கிற குடும்பம். அப்பா கதவு நிலை செதுக்கியவர். மகன் காலத்தில் அரண்மனை மாதிரி வீடு கட்டுகிறவர்கள் குறைந்து, பீரோவும் கண்ணாடி வைத்த மேஜையும் கேட்கிறவர்கள் கூடினார்கள். மீனாட்சிசுந்தரம் அதற்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. பீரோ செய்தார், பட்டறையைப் பெரிதாக்கினார், வசதியாகவே இருந்தார்.

அறுபதாம் வருடம், சைகோனிலிருந்து திரும்பிய செட்டியார் ஒருவர், ரேடியோவும் ரெக்கார்டு பிளேயரும் ஒன்றாக அடங்குகிற மாதிரி ஒரு தேக்குப் பெட்டி செய்யச் சொன்னார். ரேடியோகிராம் என்று அதற்குப் பெயர். பெட்டி முடிந்ததும் சத்தம் எப்படி வருகிறது பார்ப்போம் என்று செட்டியார் ஒரு பிளேட்டை எடுத்து வைத்தார். அதில் டிரம்பெட் ஊதியவன், கல்யாண ஊர்வலத்தில் கூட வந்த நாகஸ்வரக்காரர் திடீரென்று மாப்பிள்ளையை மறந்துவிட்டு வேறு தெருவில் திரும்பித் தனக்காக மட்டும் வாசித்துக்கொண்டு போன மாதிரி போனான். மீனாட்சிசுந்தரம் கையில் இருந்த உப்புத்தாளைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றார். அன்றைக்குப் பிடித்தது பித்து.

தனக்கென்று ஒரு ரேடியோகிராம் செய்துகொண்டார். வேலைக்குப் போகிற வீடுகளில் எல்லாம் கண் பரணை நோக்கிப் போகும். ரங்கூன், பினாங்கு, சைகோன் என்று போய் வந்த குடும்பங்களில் யாரோ ஓர் இளைஞர் வெள்ளைக்காரன் கடையில் ஆசைக்கு வாங்கிய தட்டுகள் தூசியடைந்து கிடக்கும். ஜாஸ், வால்ட்ஸ், பியானோ, சிம்பொனி. “பலகைக்கு இடைஞ்சலா கெடக்கு, நான் எடுத்துட்டுப் போறேனே” என்பார். எடுத்துப் போகச் சொல்வார்கள். நாலு வருடத்தில் ஒரு பீரோ நிறைந்தது. அதற்கு இரட்டைப் பூட்டு. அவர் கேட்டுக்கொண்டிருக்கும்போது யாராவது பட்டறைக்குள் வந்தால் ஊசியைத் தூக்கிவிடுவார்.

“பாட்டுக்குக்கூடவா தாப்பாப் போடுவாக?” என்று அவர் மனைவி ராமுத்தாய் கேட்பாள்.

“ஒனக்கு இது புரியாது.”

“நீங்க கேக்க விட்டாத்தான புரியுதா புரியலையான்னு தெரியும்.”

அவர் பீரோச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

அறுபத்து நாலில் கீழச்சிவல்பட்டியில் ஒரு வீட்டில் பாகப்பிரிவினை நடந்தது. அண்ணன் தம்பி நாலு பேர். கல்யாணமான ஆண்பிள்ளை ஒவ்வொருவரும் ஒரு புள்ளி என்பது அவர்கள் கணக்கு. வீட்டில் இருக்கிற கரண்டியிலிருந்து கண்ணாடி வரை புள்ளிக்கு இவ்வளவு என்று பிரிபடும். மரச்சாமான்களுக்கு மதிப்புச் சொல்லவும், மூத்தவர்கள் பகுதிக்கும் இளையவர்கள் பகுதிக்கும் நடுவில் கதவு போடவும் மீனாட்சிசுந்தரத்தைக் கூப்பிட்டிருந்தார்கள். அண்டா குண்டா எல்லாம் முடிந்து, கடைசியாகப் பரணிலிருந்து புத்தகம் மாதிரி ஓர் அட்டை இறங்கியது. உள்ளே உறை உறையாக நாலு தட்டு. மீனாட்சிசுந்தரம் எட்டிப் பார்த்தார். அவர் அதுவரை முழுசாகப் பார்த்தே இராத சாமான் அது. ஒரே சிம்பொனி, நாலு தட்டில், எட்டுப் பக்கமாக.

நடுவராக வந்திருந்த பெரியவர் ஒரு தட்டை வெளியில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

“இதென்ன ஆசாரி, பாட்டுத் தட்டா?”

“ஆமாங்க, பாட்டுத் தட்டுதேன்.”

“நாலு இருக்குல்ல?”

“நாலு இருக்குங்க.”

“அப்புறமென்ன, புள்ளிக்கு ஒண்ணு. தேடுனாலும் இப்படி வகுபடாது.”

நாலு சகோதரர்களும் சந்தோஷமாகத் தலையாட்டினார்கள். காலையிலிருந்து தகராறு இல்லாமல் பிரிந்த முதல் சாமான் அதுதான். மூத்தவருக்கு முதல் உறையில் இருந்தது, அடுத்தவருக்கு அடுத்தது என்று வரிசையாகப் போயிற்று. அட்டை ஒன்றுதான் இருந்ததால் அதை மட்டும் பொதுவில் விட்டார்கள்.

அந்த இடத்தில் மீனாட்சிசுந்தரம் வாயைத் திறந்திருக்க வேண்டும். ஒரே பாட்டை நாலாக வெட்டுகிறீர்களே, இது வேட்டியை நாலாகக் கிழித்து ஆளுக்கு ஒரு துண்டு கட்டிக்கொள்கிற மாதிரி அல்லவா என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் மனசு வேறு கணக்குப் போட்டது. நாலும் சேர்ந்திருந்தால் இது ஏதோ பெரிய சாமான் என்று இவர்களுக்குத் தெரிந்துவிடும், யாராவது ஒருத்தர் இறுக்கிப் பிடித்துக்கொள்வார். தனித்தனியாகப் போனால் நாலு வீட்டிலும் குப்பை. ஒவ்வொன்றாக நாம் பொறுக்கிவிடலாம். மனுஷன் வாயை மூடிக்கொண்டார்.

முதல் இரண்டு புள்ளிகளின் தட்டுகள் ஒரு மாதத்துக்குள் அவர் கைக்கு வந்துவிட்டன. ஒரு முக்காலிக்குக் கால் போட்டதற்கு ஒன்று, சும்மாவே ஒன்று. இளையவர்கள் இருவரும் மலேயாவுக்குக் கப்பல் ஏறிவிட்டார்கள். அவர்கள் பகுதியைப் பூட்டிச் சாவியையும் கொண்டுபோய்விட்டார்கள். சரி, பூட்டின வீட்டுக்குள் இருக்கிற தட்டு எங்கே போகப்போகிறது என்று மீனாட்சிசுந்தரம் காத்திருந்தார்.

கையில் இருந்த இரண்டையும் போட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. முதல் தட்டின் ஒரு புறம் ஒன்று என்றும் மறுபுறம் எட்டு என்றும் போட்டிருந்தது. அடுத்ததில் இரண்டும் ஏழும். தட்டுகளைத் தானே மாற்றிக்கொள்ளும் மெஷினுக்காகக் கம்பெனிக்காரன் செய்த ஏற்பாடு அது. நாலையும் அடுக்கி வைத்தால் ஒன்று முதல் நாலு பக்கம் வரை வரிசையாக ஓடும். அப்புறம் அடுக்கை அப்படியே கவிழ்த்து வைத்தால் ஐந்து முதல் எட்டு. ஆக, மீனாட்சிசுந்தரத்திடம் ஆரம்பம் இருந்தது, முடிவு இருந்தது. நடு இல்லை.

ஆரம்பத்தில் தாழ்ந்த குரலில் வயலின்கள் என்னவோ ஒன்றைக் கேட்கும். முடிவில் எல்லா வாத்தியமும் சேர்ந்து அதற்குப் பதில் சொல்லும். நடுவில் என்ன நடந்து அந்தப் பதில் வந்தது என்று மட்டும் தெரியாது. அவருக்கு அது பெரிய வாதையாகப் போயிற்று. இரண்டாம் பக்கம் முடிந்து ஊசி கரகரவென்று சுற்றும்போது, சாப்பாட்டுக்கு நடுவில் இலையை இழுத்துவிட்ட மாதிரி இருக்கும். அந்த இரண்டு தட்டு கிடைத்து, முழுசும் தன் பீரோவில் சேர்ந்து, முழுசையும் தான் ஒருவன் மட்டும் கேட்டுவிட்டால் போதும், பிறவியில் வேறொன்றும் வேண்டியதில்லை என்று இருந்தார்.

மூன்று வருடம் போனது. ஒரு நாள் பட்டறைக்கு, சைக்கிள் கேரியரில் சாவி கொடுக்கிற கிராமபோன் பெட்டி ஒன்றைக் கட்டிக்கொண்டு ஓர் இளைஞன் வந்தான். பெரியகருப்பன் என்று பெயர். சிங்கம்புணரிப் பக்கம் விவசாயக் குடும்பம். கிராம சேவக் வேலை. ஊர் ஊராகப் போய் வீரிய விதை, உரக்குழி, தென்னங்கன்று என்று பேசுகிறவன். கழனிவாசலில் வாடகைக்கு வீடு பிடித்திருந்தான்.

“அண்ணே, மூடியில கீல் விட்டுப்போச்சு. கொஞ்சம் பாக்கணும்.”

மீனாட்சிசுந்தரம் மூடியைத் திறந்தார். மூடியின் உட்புறத்தில் தட்டு செருகி வைக்க ஒரு பை இருக்கும். அதில் இரண்டு தட்டு இருந்தன. லேபிளைப் பார்த்தார். மூன்றும் ஆறும். நாலும் ஐந்தும்.

லேபிளை வெளிச்சத்தில் பிடித்து மறுபடியும் பார்த்தார்.

“இது... இதெங்குட்டு கெடைச்சுச்சு தம்பி?”

“கீழச்சிவல்பட்டியிலண்ணே. மூணாவது புள்ளி வீட்டுக்கார உமையாள் ஆச்சி மலேயாவுலருந்து வந்து வீட்டைத் தெறந்திருந்தாக. பின்னாடி தென்னங்கன்னு வைக்கப் போனேன். குடிக்க மோரு குடுத்தாக. மோருப்பானைய இந்தத் தட்டை வச்சு மூடியிருந்தாக. இது பாட்டுல்ல ஆச்சின்னேன். அப்ப நீ கொண்டு போப்பான்னு, கொழுந்தன் பங்குல வந்ததையும் சேத்துக் குடுத்துட்டாக.” அவன் சிரித்தான். “அதுக்கப்பறந்தேன் பெட்டியே வாங்குனேன்.”

மூன்று வருடம் காத்திருந்த சாமான், ஒரு பானை மோர் குடித்துவிட்டு எழுந்தவனுக்குக் கிடைத்திருக்கிறது! மீனாட்சிசுந்தரத்துக்கு வயிறு எரிந்தது. பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே மேல் வயிற்றில் சூடாக இருந்தது.

“அண்ணே, ஒண்ணு கேக்கணும். இதுல மூணு, நாலு, அஞ்சு, ஆறுன்னு போட்டிருக்கே. ஒண்ணு, ரெண்டுன்னு வேற தட்டு இருக்குமோ?”

அவன் முகத்தில் இருந்த ஆசையைப் பார்த்தார். தனக்கு நன்றாகத் தெரிந்த ஆசை.

“சேச்சே. அது கம்பெனிக்காரன் குத்துற நம்பரு. சாமானுக்குப் போடுற மாதிரி. இது இம்புட்டுத்தேன்.”

“முழுப் பாட்டே இதுதானா?”

“இதுதேன் முழுசு.”

“நானும் அப்படித்தேன் நெனைச்சேன்” என்றான் அவன் நிம்மதியாக.

கீலைச் சரிசெய்து கொடுத்தார். இந்தத் தட்டு ஊசியைத் தின்னும், பழசு, போட்டுக் கெடுத்துக்கொள்ளாதீர்கள், வேண்டுமானால் இங்கேயே போட்டுவிட்டுப் போங்கள் என்று சுற்றிச் சுற்றிப் பேசிப் பார்த்தார். ‘எனக்கு இதைக் கொடு’ என்ற ஒரு வார்த்தையை மட்டும் சொல்லவில்லை. கேட்டால் அதற்கு மதிப்பு இருப்பது தெரிந்துவிடும். தன்னிடம் மீதி இருப்பதும் தெரிந்துவிடும். இவன் கெட்டிக்காரன் என்றால் தன்னிடம் இருப்பதைக் கேட்பானே! பெரியகருப்பன் கெட்டிக்காரன் இல்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டு, இதில் ஓர் இடம் மழை வருகிற மாதிரியே இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனான்.

மழை வருகிற இடமாம். அன்று முழுதும் மீனாட்சிசுந்தரம் இழைப்புளி வைத்த மரமெல்லாம் பாழ்.

அதற்கப்புறம் ஊரில் புதிதாக ஒரு பேச்சு. ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் கழனிவாசலில் பெரியகருப்பன் வீட்டில் பெட்டி பாடுகிறது என்று. கம்பவுண்டர் சத்தியமூர்த்தி போகிறார். டெய்லர் ஒருவர் போகிறார். பக்கத்து வீட்டுப் பொன்னுத்தாயி முறத்தில் அரிசியைப் போட்டுக்கொண்டு வாசற்படியில் வந்து உட்கார்ந்துவிடுகிறாள். என்னதான் கேட்கிறார்கள்? அந்த இரண்டு தட்டைத்தான்.

“ஆசாரியாரே, நீங்க வரலையா? உங்களுக்கு இதுலெல்லாம் பிரியமாச்சே” என்றார் கம்பவுண்டர், மருந்துக் கடையில் வைத்து எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி. ஏழு வருடமாகக் காரைக்குடியில் தனக்கு மட்டும் தெரிந்ததைக் கம்பவுண்டர் தனக்கே சிபாரிசு செய்கிறார்!

போகக் கூடாது என்றுதான் இருந்தார். ஆனால் நடுப்பகுதியை இதுவரை கேட்டதில்லையே. ஒரு ஞாயிறு, அந்தப் பக்கம் மரம் பார்க்கப் போன மாதிரி சைக்கிளை விட்டார்.

“வாங்கண்ணே வாங்கண்ணே! பாயில இப்பிடி உக்காருங்க” என்று பெரியகருப்பன் அவருக்கு இடம் ஒதுக்கினான். பெட்டிக்குச் சாவி கொடுத்தான். மூன்றாம் பக்கம்.

வருடக்கணக்காக அவர் ஏங்கிய நடுப்பகுதி அதுதான். அவருடைய இரண்டாம் பக்கம் எங்கே அறுந்ததோ, சரியாக அந்த இடத்திலிருந்து வயலின்கள் தொடர்ந்தன. ஆனால் அவரால் கேட்க முடியவில்லை. கண்ணெல்லாம் மற்றவர்கள் முகத்தில் இருந்தது. கம்பவுண்டர் கண்ணை மூடிக்கொண்டு பூஜை மணி ஆட்டுகிற மாதிரி விரலை ஆட்டிக்கொண்டிருந்தார். டெய்லர் தொடையில் தாளம் போட்டார், தாளம் தப்பிற்று, அதற்கு அவரே சிரித்தார். நாலாம் பக்கம் வந்ததும், “இந்தா, மழை வருது” என்று பெரியகருப்பன் சொன்னான். பொன்னுத்தாயி முறத்தை ஆட்டுவதை நிறுத்தினாள்.

“அந்த அழுவுற எடத்தை இன்னொருக்காப் போடு தம்பி.”

போட்டான். அவள் சொன்னால் போடுகிறான். நடுவில் நிறுத்திப் போடுகிறான். இவர்கள் பேசிக்கொண்டே கேட்கிறார்கள், சிரிக்கிறார்கள், கண்ணைத் துடைக்கிறார்கள். இது பாதி என்றுகூடத் தெரியாத ஜனங்கள்! பாதியிலேயே இவர்களுக்கு இவ்வளவு கிடைக்கிறது. ஆரம்பமும் முடிவும் வைத்திருக்கிற தனக்கு, அத்தனை பெரிய பெட்டியில், இதில் கால்வாசிகூடக் கிடைத்ததில்லை. வெற்றிலை போட்டுக்கொள்கிற சாக்கில் எழுந்து வெளியே வந்துவிட்டார்.

அடுத்த ஞாயிறும் போனார். அதற்கடுத்ததும் போனார். புண்ணை நாக்கால் தொட்டுத் தொட்டுப் பார்க்கிற மாதிரி, போகாமலும் இருக்க முடியவில்லை.

“நீங்க அங்க போயி பாட்டையா கேக்குறீக?” என்றாள் ராமுத்தாய். “அவுக மூஞ்சியத்தான பாத்துட்டு வாரீக. வந்த பெறகு ரெண்டு நாளைக்கு ஒரு மனுசிகிட்ட மொகங்கொடுத்துப் பேசுறதில்ல.”

“யாரு சொன்னா?”

“சொல்லணுமாக்கும்.”

இப்படியே வருடங்கள் ஓடின என்றால் நம்பத்தான் வேண்டும். எழுபத்தொன்றில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அது உடைந்தது. ஆறாம் பக்கம் ஓடி முடிந்தது. அந்த இடத்தில் பாட்டு முடியவே இல்லை. வயலின்கள் மேலே ஏறிக்கொண்டே போகும்போது தட்டில் இடம் தீர்ந்துவிடும், அவ்வளவுதான். ஆனால் கம்பவுண்டர் சத்தியமூர்த்தி பெருமூச்சு விட்டு, “எம்புட்டு அழகா முடிச்சிருக்கான் பாத்தீகளா? மேல ஏறிக்கிட்டே இருக்கும்போது, மிச்சத்தை நீயே நெனைச்சுக்கன்னு விட்டுட்டான். மகான்யா” என்றார்.

“முடியல!” என்று கத்தினார் மீனாட்சிசுந்தரம்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“முடியலய்யா அது! இன்னும் ரெண்டு பக்கம் இருக்கு. முன்னாடி ரெண்டு பக்கம் இருக்கு. நீங்க கேக்குறது பாதி. வெறும் பாதி! இதைப் போயி முழுசுன்னு... மிச்சம் எங்கிட்டயில்ல இருக்கு!”

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. டெய்லர் தரையைப் பார்த்தார். கம்பவுண்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“எங்கிட்ட முழுசுன்னு சொன்னீகளேண்ணே” என்றான் பெரியகருப்பன்.

“சொன்னேன்.”

“எப்பருந்து இருக்கு?”

“அறுபத்தி நாலுலருந்து இருக்கு. பிரிக்கையில நான் அங்கனதேன் நின்னேன். நாலும் ஒண்ணுன்னு எனக்குத் தெரியும். வாயத் தொறக்கல.”

இரண்டு அறை அறைந்திருந்தால்கூட அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பெரியகருப்பன் முகம் ஒரு நிமிடம் சுருங்கியது. அப்புறம், மறைக்கத் தெரியாதவனாக, மெல்ல மலர்ந்தது.

“அப்ப இன்னும் பாதி இருக்கா!”

மீனாட்சிசுந்தரம் தலையை ஆட்டினார்.

“போங்கண்ணே, எடுத்துட்டு வாங்க! என் சைக்கிள்ல போங்க, அது வேகமாப் போகும்.”

எடுத்துவந்தார். எட்டுப் பக்கமும் வரிசையாக ஓடின. பெரியகருப்பன் ஒவ்வொரு பக்கத்துக்கும் சாவி கொடுத்தான். ஆரம்பத்தில் வயலின்கள் கேட்ட கேள்வி, நடுவில் அது அலைந்த அலைச்சல், கடைசியில் எல்லா வாத்தியமும் சேர்ந்து சொன்ன பதில். மீனாட்சிசுந்தரம் அவர்கள் முகங்களை ஆவலோடு பார்த்துக்கொண்டே இருந்தார். இப்போதாவது தெரிந்துகொள்ளட்டும் என்று. எட்டாம் பக்கம் முடிந்தது.

“நல்லாத்தேன் இருக்கு” என்றாள் பொன்னுத்தாயி. “அந்த அழுவுற எடத்துக்கு இதுதேன் காரணமா? போகட்டும், பாவம்.”

அவ்வளவுதான். கம்பவுண்டர் மட்டும், பாட்டுப் போட்டவனை மகான் என்று தான் சொன்னதை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை என்றார்.

பெரியகருப்பன் தன் இரண்டு தட்டையும் ஒரு பழைய துண்டில் துடைத்தான். மீனாட்சிசுந்தரத்தின் தட்டுகளோடு வரிசையாகச் சேர்த்து அவர் மடியில் வைத்தான்.

“நாலும் ஒரு எடத்துல இருக்கட்டும்ணே. உங்ககிட்டயே இருக்கட்டும். எங்கிட்ட இருந்தா ஆளாளுக்குத் தொட்டு ஒடைச்சிருவோம்.”

இவ்வளவு சுலபமா என்று மீனாட்சிசுந்தரத்துக்கு இருந்தது. முதல் நாளே, அந்தக் கீலைத் திருகிக்கொண்டிருந்தபோதே கேட்டிருந்தால் கொடுத்திருப்பான். ஆனாலும் வீடு போய்ச் சேருகிற வரைக்கும் மனசு துள்ளிற்று. நாலு தட்டுக்கும் சேர்த்துத் தேக்கில் ஒரு பெட்டி செய்தார். உள்ளே பச்சை வெல்வெட். சிம்பொனியை ரேடியோகிராமில் முழுசாகப் போட்டு, ராமுத்தாயைக்கூடக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டார். நன்றாகத்தான் இருந்தது. மிகவும் நன்றாக இருந்தது. அந்த நாலாம் பக்கம் வரும்போது, பக்கத்தில் யாராவது “இந்தா, மழை வருது” என்று சொல்ல மாட்டார்களா என்று காத்திருந்தார். மழை வரவில்லை. வயலின்கள்தான் வந்தன.

அதற்கென்ன, இங்கேயே கூட்டினால் போயிற்று. அடுத்த ஞாயிறு எல்லோரையும் பட்டறைக்கு அழைத்தார். நாற்காலி போட்டார், பால்கோவா வாங்கி வைத்தார். வந்தார்கள். பட்டறையின் பெரிய நாற்காலிகளில் முதுகை நிமிர்த்திக்கொண்டு, பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்தார்கள். டெய்லர் தொடையில் கையை வைத்ததும் மீனாட்சிசுந்தரம் உதட்டில் விரலை வைத்தார். பழக்கம், என்ன செய்வது. எட்டுப் பக்கமும் கம்மென்று கேட்டுவிட்டு, “சத்தம் கணீர்னு இருக்குண்ணே” என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு எழுந்து போனார்கள்.

அதற்கடுத்த ஞாயிறு நாற்காலிகளைத் துடைத்துப் போட்டுவிட்டுக் காத்திருந்தார். ஒருத்தரும் வரவில்லை.

நாலு மணிக்குச் சைக்கிளை எடுத்தார்.

கழனிவாசல் தெருவுக்குள் திரும்பும்போதே சிரிப்புச் சத்தம் கேட்டது. பெரியகருப்பன் வீட்டில் பாய் விரித்திருந்தது. பெட்டியில் ஏதோ ஒரு ஜாஸ் தட்டு. சந்தையில் பழைய இரும்புச் சாமானோடு கிடந்ததாம். விளிம்பிலிருந்து பாதி வரைக்கும் விரிசல். ஒவ்வொரு சுற்றுக்கும் ஊசி விரிசலில் ஏறி ‘டக்’ என்று விழுந்தது. பியானோக்காரன் அவன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தான், இவர்கள் ஒவ்வொரு ‘டக்’குக்கும் சேர்ந்தாற்போல் ஒரு கைதட்டுப் போட்டார்கள். டெய்லருக்குத் தாளம் முதல் தடவையாகத் தப்பவில்லை. கம்பவுண்டர் எழுந்து நின்று தட்டினார். பொன்னுத்தாயி முறத்தைத் தட்டினாள். அந்த உடைந்த தட்டில் அப்படி ஒரு குதூகலத்தை மீனாட்சிசுந்தரம் தன் பீரோ முழுக்க வைத்துக்கொண்டும் கேட்டதில்லை. பியானோவும் கைத்தட்டும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு தெருவுக்கே வந்தன.

“வாங்கண்ணே! இதைக் கேளுங்க, விரிசல்தேன் இதுல மிருதங்கம்” என்றான் பெரியகருப்பன்.

மீனாட்சிசுந்தரம் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசற்படியில் நின்றபடியே, வருடக்கணக்காக வாயில் வராத வார்த்தை, யோசிப்பதற்கு முன்னால் வந்து விழுந்தது.

“தம்பி, இந்தத் தட்டை எனக்குத் தருவியா?”

சிரிப்பு நின்றது. கேட்டது தவறு என்று அவருக்கே தெரிந்தது. பெரியகருப்பன் அவரை ஒரு தடவை பார்த்தான். கோபமாகவும் இல்லை, பரிதாபமாகவும் இல்லை.

“அதுக்கென்னண்ணே, கொண்டு போங்க.”

பாடிக்கொண்டிருந்த தட்டிலிருந்து ஊசியைத் தூக்கினான். தட்டை எடுத்து, விரிசல் பெரிதாகாமல் இரண்டு கையாலும் பிடித்து, அவர் கையில் கொடுத்தான். அவ்வளவு சட்டென்று கொடுத்துவிட்டான். மீனாட்சிசுந்தரம் அதை மார்போடு அணைத்துக்கொண்டு தெருவுக்கு இறங்கினார். எதைக் கேட்டாலும் கொடுத்துவிடுகிறவன் மேல் பொறாமைப்பட ஆரம்பித்தவனுக்கு ஏது கதி என்று நினைத்துக்கொண்டார். அழவேண்டும் போலிருந்தது.

கேரியரில் தட்டைச் சாக்கு சுற்றிக் கட்டிக்கொண்டிருக்கும்போது உள்ளே சாவி கொடுக்கிற சத்தம் கேட்டது. வேறு ஏதோ தட்டு. பாட்டு ஆரம்பிப்பதற்குள் டெய்லர் ஏதோ சொன்னார், பொன்னுத்தாயி வாய்விட்டுச் சிரித்தாள், அவள் சிரிப்புக்கு எல்லோரும் சிரித்தார்கள்.

மீனாட்சிசுந்தரம் கயிற்றின் முடிச்சைப் பிடித்தபடி நின்று கேட்டார். அவருக்கு அந்தத் தட்டும் வேண்டும் போலிருந்தது.